16 ஜிபி குடுத்தாலும் பத்தாது சாமி!

ரொம்ப நாளா மனசுல கிடக்கற புகைச்சல் இது. ஆபீஸ்ல சொன்னா "உனக்கு வேற ஆணியே இல்லியா"ன்னு கேப்பாங்க. அதான் இங்க வந்து கொட்டறேன். பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், நடுவுல இட்லி தோசையெல்லாம் வரும்.

நம்ம தொழில்ல ஒரு மந்திரம் இருக்கு. "மெமரியை ஏத்து, ஓடிடும்." ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின ஏதாவது ஒண்ணு பெரிய ஃபைலைப் பார்த்ததும் மூச்சு முட்டி ஹீப் நிறைஞ்சு செத்துப் போச்சுன்னு வைங்க, உடனே ஒருத்தர் வருவார். மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸ்னு நோட்.ஜேஎஸ்ல ஒரு திருகு இருக்கு. அதை ரெண்டு மடங்கா திருகி விட்டுட்டு டிக்கெட்டை மூடிட்டுப் போயிடுவார். ஏன் செத்துச்சுன்னு கேள்வியே கிடையாது. காய்ச்சல்னு வந்தவனுக்கு தெர்மாமீட்டரை மாத்திக் குடுக்கற வைத்தியம்.

இந்த வைத்தியம் எங்க போய் முடிஞ்சுதுன்னு சொல்றேன். மின் மீட்டர் டேட்டா பார்க்கற புராஜெக்ட் ஒண்ணு. ஒவ்வொரு மீட்டரும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எத்தனை யூனிட்னு ஒரு வரி அனுப்பும். ஒரு நாளைக்கு 96 வரி, 30 நாளைக்கு 2,880. மாசம் முடிஞ்சதும் ராத்திரி ஒரு புரோகிராம் அந்த மாச ஃபைலை எடுத்து, மீட்டருக்கு ஒரு வரி வீதம் மொத்த யூனிட், அதிகபட்ச யூனிட் ரெண்டையும் எழுதணும். அவ்ளோதான் வேலை. ஒண்ணாங்கிளாஸ் கூட்டல்.

புரோகிராம் எப்படி எழுதப்பட்டிருந்துச்சு? முழு ஃபைலையும் ரீட்ஃபைல் போட்டு ஒரே ஸ்ட்ரிங்கா உள்ள இழு. ஸ்ப்ளிட் போட்டு வரிவரியா உடை. மேப் போட்டு ஒவ்வொரு வரியையும் ஆப்ஜெக்ட் ஆக்கு. ஃபில்டர் போட்டு கெட்டுப்போன ரீடிங்கைத் தள்ளு. கடைசியா ரெட்யூஸ் போட்டு கூட்டு. பார்க்க அழகா, அஞ்சு வரியில, புள்ளி வச்சு புள்ளி வச்சு கோலம் மாதிரி இருக்கும். கோட் ரிவ்யூல நாலு பேர் லைக் போட்டாங்க.

ஆயிரம் மீட்டர் இருந்தப்போ ஒரு குறையும் இல்ல. கஸ்டமர் ஏற ஏற மெஷினும் 4 ஜிபி, 8 ஜிபி, 16 ஜிபின்னு ஏறிச்சு. 4,000 மீட்டர் வந்தப்போ கணக்கு போட்டுப் பாருங்க: 1 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரம் வரி. ஸ்ப்ளிட் பண்ணதும் அத்தனை வரிக்கும் ஒரு அரே. நோட்.ஜேஎஸ்ல ஒரு விலாசத்துக்கு 8 பைட்னு வச்சா, உள்ளடக்கமே இல்லாம வெறும் விலாசப் பட்டியலுக்கு மட்டும் 9 கோடி பைட்டுக்கு மேல. அப்புறம் மேப் இன்னொரு அரே கட்டும். அது முழுசா கட்டி முடியற வரைக்கும் பழசைத் தூக்கி எறிய முடியாது. ஒரே நேரத்துல பழைய வீடும் புது வீடும், ரெண்டுக்கும் வாடகை.

5,000 மீட்டர் ஆன மாசம் புரோகிராம் மறுபடியும் செத்துச்சு. ஆனா இந்தத் தடவை வேற மாதிரி. அன்னிக்கு நைட் டூட்டில இருந்தது காலேஜ் முடிச்சு வந்து நாலு மாசம் ஆன தம்பி ஒருத்தன். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு போன். "அண்ணா, மெமரி பாதி கூட தொடலைண்ணா. ஆரம்பிச்ச உடனே செத்துருது. லீட் சார் 32 ஜிபி போடச் சொன்னாங்க, போட்டேன், அப்பவும் அதேதான்."

மேட்டர் என்னன்னா, நோட்.ஜேஎஸ்க்கு உள்ள இருக்கற வி8 இன்ஜின்ல ஒரு ஸ்ட்ரிங் எவ்ளோ நீளம் இருக்கலாம்ங்கறதுக்கே ஒரு எல்லை உண்டு. 64 பிட் மெஷின்ல 53,68,70,888 எழுத்து. நம்ம வரி ஒண்ணு சுமார் 40 எழுத்து. 5,000 மீட்டருக்கு 57 கோடியே 60 லட்சம் எழுத்து. கதை முடிஞ்சுது. நீங்க 32 என்ன, 320 ஜிபி வாங்கி மாட்டினாலும் அந்த ஸ்ட்ரிங் உருவாகாது. 4,660 மீட்டர் தாண்டற அன்னிக்கே இது சாகும்னு மூணு வருஷம் முன்னாடியே ஒரு துண்டுச் சீட்டுல கணக்கு போட்டிருக்கலாம். யாரும் போடல. மெமரிதான் சீப்பாச்சே!

மறுநாள் மீட்டிங்ல டேமேஜர் அந்தத் தம்பியைப் பார்த்து "டெஸ்ட் பண்ணிப் பார்க்கறதில்லையா?"ன்னு கேட்டார். அவன் அந்த ஃபைல்ல ஒரு வரி கூட எழுதினதில்ல. எழுதினது யாரு? நான்தான். மூணு வருஷம் முன்னாடி, அந்த லைக்கையெல்லாம் வாங்கிக்கிட்டதும் நான்தான். அதை அந்த மீட்டிங்ல சொல்ல எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷமும் அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அது இன்னமும் உறுத்துது. இந்தப் பதிவுல இருக்கற கோவத்துல பாதி என் மேலயே.

சரி, இட்லி தோசைக்கு வருவோம். தோசை மாஸ்டர் காலைல கடை திறந்ததும் இன்னிக்கு 500 பேர் வருவாங்கன்னு 500 தோசையைச் சுட்டு மேசை முழுக்க அடுக்கி, அப்புறம் 500-க்கும் நெய் தடவி, அப்புறம் 500-க்கும் மசாலா வச்சு, கடைசியில "சரி, வந்தது இருபதே பேர், இருபது மட்டும் எடுத்துட்டுப் போ"ன்னு சொல்வாரா? ஆர்டர் வந்தா ஒரு தோசை. மாவு, நெய், மசாலா, தட்டு. அது போனா அடுத்தது. அந்த மாஸ்டர்கிட்ட போய் "கல்லைப் பெருசாக்குங்க, மேசையைப் பெருசாக்குங்க"ன்னு சொல்றவர்தான் நம்ம மெமரி வைத்தியர்.

இதுக்கு நம்ம துறையில வச்ச பேர் லேஸி இவாலுவேஷன். பேரே இதுக்கு வில்லன்னு நினைக்கறேன். சோம்பேறின்னு பேர் வச்சா எந்த டேமேஜருக்குப் பிடிக்கும்? கேட்டப்போ மட்டும் செய்யறதுன்னு வச்சிருந்தா கொஞ்சம் மரியாதை கிடைச்சிருக்கும்.

இதொண்ணும் நேத்து வந்த ஃபேஷன் இல்ல. யுனிக்ஸ்ல பைப் வந்தது 1973. ஒரு பெரிய லாக் ஃபைலை கிரெப் பண்ணி ஹெட்டுக்கு அனுப்பிப் பாருங்க. ஹெட் பத்து வரி வாங்கிட்டு நடையைக் கட்டிடும். அப்புறமும் எழுத வர்ற கிரெப்புக்கு சிக்பைப்னு ஒரு சிக்னல் போகும், அதுவும் கடையைச் சாத்தும். யாரும் முழு ஃபைலையும் தலையில தூக்கிச் சுமக்கல. ஹாஸ்கெல் 1990-லயே மொழி முழுக்க இப்படித்தான் வந்துச்சு. பைத்தான்ல 2001-ல ஜெனரேட்டர், 2008-ல வந்த பைத்தான் 3-ல மேப், ஃபில்டர் ரெண்டுமே கேட்டாத்தான் குடுக்கும். சி ஷார்ப்ல 2007-ல லிங்க், ஜாவால 2014-ல ஸ்ட்ரீம். ஜாவாஸ்கிரிப்ட்ல? 2009-ல வந்த மேப், ஃபில்டரை வச்சே இன்னமும் குடும்பம் நடத்தறோம். இத்தனைக்கும் 2015-லயே ஜெனரேட்டரும் யீல்டும் மொழிக்குள்ள வந்தாச்சு. 2018-ல ஃபார் அவெய்ட் வந்து, நெட்வொர்க்ல இருந்தோ டிஸ்க்ல இருந்தோ வர்ற டேட்டாவையும் ஒவ்வொண்ணா கேட்டு வாங்கலாம்னு ஆச்சு.

"அழகா புள்ளி வச்சு எழுத முடியலியே"ங்கற சாக்கும் 2025-ல போயிடுச்சு. அந்த வருஷ ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் பதிப்புல இட்டரேட்டருக்கே நேரடியா மேப், ஃபில்டர், டேக், டிராப், ஃப்ளாட்மேப் எல்லாம் குடுத்துட்டாங்க. குரோம்ல 2024 பிப்ரவரியிலயே வந்தாச்சு, நோட்.ஜேஎஸ்ல 22-ம் பதிப்புல இருந்து இருக்கு. அரேக்குப் பின்னாடி வேல்யூஸ்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துட்டு, அப்புறம் பழையபடி கோலம் போடுங்க.

வித்தியாசம் என்னன்னு கேளுங்க. பத்து லட்சம் வரி. நாலுல ஒண்ணு நமக்கு வேணும். திரையில காட்டப்போறது முதல் இருபது. பழைய முறையில மேப் பத்து லட்சம் தடவை, ஃபில்டர் பத்து லட்சம் தடவை, அப்புறம் ஸ்லைஸ் போட்டு இருபதை வச்சுக்கிட்டு ரெண்டரை லட்சத்துல மிச்சத்தைக் குப்பையில போடுவோம். இட்டரேட்டர் வழியா டேக் 20-ன்னு கேட்டா, 80-வது வரியில இருபதாவது ஆள் கிடைச்சிடுவான். மேப் 80, ஃபில்டர் 80. 81-வது வரியைத் தொடவே தொடாது. இருபது லட்சம் எங்க, நூத்தி அறுபது எங்க!

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வரேன். எங்க லீட் சொல்றது: "மெஷின் வாடகை மாசம் கொஞ்சம் ஏறும், எஞ்சினியர் நேரம்தான் காஸ்ட்லி." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்த தம்பியோட நேரம் எந்தக் கணக்குல வருது? அவன் எஞ்சினியர் இல்லியா? நாலு தடவை மெஷின் மாத்தினப்போ ஒவ்வொரு தடவையும் அரை நாள் போச்சே, அது? எழுதறவன் நேரத்தை மட்டும் எண்ணிட்டு, காவல் காக்கறவன் நேரத்தை எண்ணாம விடறதுக்குப் பேர் சிக்கனமா?

ரெண்டாவது வாதம் கொஞ்சம் நியாயமானது: "வெறும் ஃபார் லூப் போட்டு பிரேக் போட்டா போதாதா? எதுக்கு ஜெனரேட்டர் பந்தா?" போதும். தாராளமா போதும். பிரேக் போட்ட ஃபார் லூப்பும் சோம்பேறிதான், அதுவும் எங்க ஆளுதான். ஆனா படிக்கறது, உடைக்கறது, தள்ளறது, கூட்டறது எல்லாம் அந்த ஒரே லூப்புக்குள்ள சாம்பார் ஆகும். நாளைக்கு கூட்டலுக்கு பதிலா வேற கணக்குன்னா மொத்தமா கிண்டணும். படிக்கறவன் தனி, தள்ளறவன் தனி, கூட்டறவன் தனின்னு பிரிச்சு, தேவைப்படும்போது மட்டும் ஒட்டிக்கலாம்ங்கறதுதான் ஜெனரேட்டரோட லாபம். ஜான் ஹியூஸ் 1989-ல ஃபங்ஷனல் புரோகிராமிங் ஏன் முக்கியம்னு எழுதின கட்டுரையில இந்த ஒட்டற வேலையைத்தான் பெருசா பேசறார், வேகத்தை இல்ல.

"எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல போட்டுடலாமே"ன்னு இன்னொரு கோஷ்டி. போடுங்க. ஆனா அங்கயும் போய் எல்லா வரியையும் ஒரே குவெரியில இழுத்து அரேல கொட்டினா, வியாதி அதேதான், ஆஸ்பத்திரி மட்டும் வேற.

எங்க கட்சிக்காரங்களுக்கும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கு. புதுசா கத்துக்கிட்டு இருபது ஐட்டம் இருக்கற மெனுவுக்கெல்லாம் ஜெனரேட்டர் போடறவங்களே, நிறுத்துங்க. ஒவ்வொரு நெக்ஸ்டுக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு, ஒரு குட்டி ஆப்ஜெக்ட்னு செலவு இருக்கு. சின்ன அரேக்கு சாதா மேப்தான் பெரும்பாலும் வேகம். இன்னொரு கூட்டம் முதல் அடியிலயே டூஅரே போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டு, "லேஸியா எழுதினேன், ஒண்ணும் மாறலியே"ன்னு கேக்கும். பால் பாக்கெட் பத்தையும் குண்டால ஊத்திட்டு சொட்டுச் சொட்டா வாங்கறேன்னு சொல்ற கதை. வரிசைப்படுத்தணும்னா எல்லா வரியும் வந்தாகணும், அதுல சோம்பேறித்தனம் எடுபடாது. ஆனா டாப் 10 மட்டும் வேணும்னா பத்தே பத்தைக் கையில வச்சுக்கிட்டு மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து விடலாம். முழுசா சார்ட் பண்ணிட்டு பத்தை வெட்டறவங்களைத்தான் நான் நிறைய பார்த்திருக்கேன்.

நான் விழுந்த குழிகளையும் சொல்லிடறேன். இட்டரேட்டர் ஒரு தடவைதான். முதல்ல எத்தனை வரின்னு எண்ணிட்டு, அதே இட்டரேட்டரைக் கூட்டக் குடுத்தேன். மொத்தம் பூஜ்யம்னு வந்துச்சு. எர்ரர் கிடையாது, முனகல் கூட கிடையாது. அடுத்தது, ஜெனரேட்டரை உருவாக்கற இடத்துல டிரை கேட்ச் போட்டு பிரயோஜனமில்ல. தப்பு நடக்கறது கேக்கற இடத்துல, அங்கதான் போடணும். ரீட்லைன் இன்டர்ஃபேஸை உருவாக்கிட்டு, லூப்புக்குப் போறதுக்கு முன்னாடி நடுவுல வேற எதுக்காவது அவெய்ட் போட்டீங்கன்னா சில வரி காணாமப் போகலாம். இது நோட்.ஜேஎஸ் கையேட்டுலயே இருக்கு. நான் படிச்சது பட்டதுக்கு அப்புறம்.

ரீட்லைனை வரிக்கு ஒரு அவெய்ட்னு ஓட்டினப்போ ஒண்ணேகால் கோடிக்கு மேல வரி, அத்தனை பிராமிஸ். மெமரி அடங்குச்சு, ஆனா ஆமை வேகம். "பாத்தியா, பாத்தியா"ன்னு லீட் சிரிச்சார். அங்கதான் இட்லி வருது. இட்லியை யாரும் ஒண்ணு ஒண்ணா அவிக்கறதில்ல, அதுக்காக 500-ஐ ஒரே அண்டாவுலயும் போடறதில்ல. தட்டு தட்டா. நோட்.ஜேஎஸ் ஃபைல் ஸ்ட்ரீம் தானாவே 64 கேபி துண்டு துண்டாத்தான் தரும். நம்ம 40 எழுத்து வரிக்கு ஒரு துண்டுல சுமார் 1,600 வரி. வரிக்கு ஒரு அவெய்ட் இல்லாம, துண்டுக்கு ஒரு அவெய்ட். கடைசி வரி பாதியில அறுந்து நிக்கும், அதை மட்டும் கையில வச்சிருந்து அடுத்த துண்டோட தலையில ஒட்டணும். துண்டுக்குள்ள சாதாரண லூப். ஆமை எழுந்து ஓடிச்சு.

(இங்க ஒரு தமிழ் மேட்டர். யுடிஎஃப்-8ல நம்ம எழுத்துக் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். ஸ்ட்ரீம்ல என்கோடிங் சொல்லாம, பைட்டா வாங்கி நீங்களே துண்டு துண்டா ஸ்ட்ரிங் ஆக்கினா, 64 கேபி எல்லையில 'மு' பாதியில வெட்டுப்பட்டு கேள்விக்குறிக் கட்டமா வரும். இங்கிலீஷ் டேட்டாவுல டெஸ்ட் பண்றவங்க கண்ணுல இது படவே படாது. வேற ஒரு புராஜெக்ட்ல தெருப் பேரெல்லாம் தமிழ்ல இருந்தப்போதான் எனக்கே தெரிஞ்சுது. யுடிஎஃப்-8ன்னு ஸ்ட்ரீம்லயே சொல்லிட்டா அதுவே ஒட்டிக்கும்.)

கடைசியில அந்த மீட்டர் புரோகிராம் கையில வச்சிருந்தது என்ன தெரியுமா? மீட்டருக்கு ரெண்டு எண் வீதம் 5,000 பேருக்கு ஒரு மேப், கூட ஒரு 64 கேபி துண்டு. வரி ஒரு கோடியா பத்து கோடியாங்கறது அதுக்குப் பிரச்சனையே இல்ல, மீட்டர் எத்தனைங்கறதுதான் கணக்கு. எங்க ஆரம்பிச்சோமோ அந்த 4 ஜிபி மெஷினுக்கே திரும்பப் போனோம். மாத்தி எழுதினது நான் இல்ல, அந்தத் தம்பி. பக்கத்துல உக்காந்து குழியை மட்டும் காட்டினேன். ரெண்டு நாள் ஆச்சு. கோட் ரிவ்யூல ஒரே ஒரு லைக், என்னோடது. லீட் போட்ட கமெண்ட்: "அஞ்சு வரி கோட் ஏன் நாப்பது வரி ஆச்சு?"

பதில் எழுதிட்டேன். அந்த 53,68,70,888-ஐ மட்டும். நாலு நாளாச்சு, இன்னும் அப்ரூவ் பண்ணல. இந்த மாசம் முடிய ஆறு நாள்தான் இருக்கு, அன்னிக்கு ராத்திரி டூட்டியில என் பேரைப் போடச் சொல்லியிருக்கேன்.